தம்பி மகள் படிக்கிற பிரெஞ்சு

மக்காச்சோளத்துக்கு மேலுரம் வைக்கிற நேரம் இது. ஒரு மழை விழுந்தா யூரியா போடலாம், விழலைன்னா பயிரோட மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு வரப்புல உட்கார்ந்திருக்கணும். அப்படி உட்கார்ந்திருக்கிற நேரத்துலதான் இதை எழுதுறேன். ஆனா இது மக்காச்சோளம் பத்தினது இல்ல. ரெண்டு வருஷமா எங்க வீட்டுல ஒரு பாஷை குடிவந்திருக்கு. அதைப் பத்தினது.

என் தம்பி மகளுக்கு இந்தப் புரட்டாசியோட முப்பது முடிஞ்சது. சிவகாசியில ஒரு ஆப்செட் பிரஸ்ல டிசைனர். டெய்லி காலண்டர், மாசக் காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவ கம்ப்யூட்டர்ல இருந்துதான் பிளேட்டுக்குப் போகும். ஆடிப்பெருக்கு அன்னைக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க. அதுல இருந்து மார்கழி வரைக்கும் அவ ராத்திரி பத்துக்கு முன்னால வீடு திரும்புனதில்ல. அதுக்கு மேல தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, வாய்க்குள்ள எதையோ முணுமுணுப்பா. "மந்திரமா ஓதுறா?"ன்னு எங்க அம்மா முதல்ல பயந்துட்டாக.

பிரெஞ்சு.

எதுக்குன்னு கேட்டா, கனடாவுக்குப் போக. கனடாவுக்கு இங்கிலீஷ் போதாதான்னு நானும் கேட்டேன். சென்னையில இருக்கிற என் சிநேகிதர் ஒருத்தரும் போன வாரம் போன்ல அதையேதான் கேட்டார். அவருக்கு அரைகுறையா சொன்னதை இங்க முழுசாச் சொல்லிடுறேன்.

கனடாவுல 2015ல இருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னு ஒரு முறை இருக்கு. வேலை தெரிஞ்சவங்களைக் குடியேற்ற மார்க் போட்டு வரிசைப்படுத்துறது. வயசுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, பாஷைக்கு இவ்வளவு, வேலை அனுபவத்துக்கு இவ்வளவுன்னு மொத்தம் 1200. எங்க பிள்ளைக்கு வயசுக்கு 110, டிகிரிக்கு 120, இங்கிலீஷுக்கு 92, அனுபவமும் படிப்பும் பாஷையும் சேர்ந்ததுக்குக் கூடுதலா 38. ஆகமொத்தம் 360. ஆனா சும்மா பொதுவுல கூப்பிடுறப்ப 500க்கு மேல இருக்கவங்களைத்தான் கூப்பிடுறாங்க. 360ஐ வச்சிக்கிட்டு கனடா படம் போட்ட காலண்டர்தான் அடிக்கலாம்.

2023ல ஒரு மாற்றம் கொண்டுவந்தாங்க. மொத்தமா ஒரே வரிசையில கூப்பிடாம, ஆஸ்பத்திரி வேலைக்காரங்க தனி, கொத்தன், தச்சன் மாதிரி கைத்தொழில்காரங்க தனின்னு பிரிச்சுக் கூப்பிடுறது. டிசைனருக்கு அதுல தனி வரிசை கிடையாது. ஆனா என்ன தொழில்னாலும் பரவாயில்ல, பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குன்னு ஒரு வரிசை இருக்கு. பேச, கேட்க, படிக்க, எழுத நாலுலயும் அவங்க அளவுகோல்ல ஏழாம் படி ஏறியிருக்கணும். அந்த வரிசையில 2024 பிப்ரவரி 29ல 336 மார்க் வரைக்கும் இறங்கி வந்து கூப்பிட்டிருக்காங்க. அந்தச் செய்தியைப் பார்த்த அன்னைக்குத்தான் அவ, "பெரியப்பா, நான் கண்டிப்பா எழுதப்போறேன்"னு உறுதியாச் சொன்னா. அதுவரைக்கும் பொழுதுபோக்கா போனில படிச்சிக்கிட்டிருந்தா.

அவங்களுக்கு எதுக்கு இத்தனை பிரெஞ்சுக்காரங்கன்னு கேட்டா, அது நம்மூர்க்காரனுக்குச் சட்டுனு புரியுற விஷயம். கனடாவுல கியூபெக்னு ஒரு மாகாணம், அங்க பிரெஞ்சுதான் எல்லாம். அதுக்கு வெளியிலயும் ஒண்டாரியோ, மானிடோபா, நியூ பிரன்சுவிக்னு பல இடங்கள்ல பழைய பிரெஞ்சுக் குடும்பங்கள் இருக்கு. 1971ல கியூபெக்குக்கு வெளியில இருந்த ஜனத்துல 6.1 சதவீதம் அவங்க. இப்ப அது கிட்டத்தட்ட பாதியா சுருங்கிடுச்சு. பிள்ளைங்க இங்கிலீஷுக்கு மாறிடுறாங்க, பள்ளிக்கூடம் காலியாகுது. அதனால கியூபெக்குக்கு வெளியே குடியேற்றுற நூறு பேர்ல இத்தனை பேர் பிரெஞ்சு பேசணும்னு வருஷா வருஷம் ஒரு இலக்கு வைக்கிறாங்க. 2025க்கு 8.5 சதவீதம். எங்க பிள்ளை மேல உள்ள பிரியத்துல இல்ல, அவங்க பாஷை மேல உள்ள பயத்துல திறந்து வச்ச கதவு அது. இதுல வேடிக்கை, பிரெஞ்சு படிச்சு இப்படிப் போறவங்க கியூபெக்குக்குப் போகக் கூடாது. கியூபெக் தனக்குன்னு ஆள் எடுக்கிற முறையைத் தனியா வச்சிருக்கு.

பட்டணத்துல இருக்க உங்களுக்கு பிரெஞ்சு புதுசில்ல. பிளஸ் ஒன்ல தமிழுக்குப் பதிலா பிரெஞ்சு எடுத்தா மார்க் அள்ளலாம்னு உங்கள்ல எத்தனையோ பேர் எடுத்திருப்பீங்க. கட் ஆஃப் வந்ததும் மறந்திருப்பீங்க. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல அந்தப் பேச்சே கிடையாது. அவ பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். இருபத்தெட்டு வயசுல, யூடியூபைப் பார்த்து, "நான் ஒரு பையன், நீ ஒரு பொண்ணு"ன்னு ஆரம்பிச்சா.

அந்த பாஷையில எல்லாப் பொருளுக்கும் ஆண், பெண் உண்டாம். மேசை பொம்பளை. கத்தி ஆம்பளை. நான் என் பங்குக்கு, "ஏர்?"னு கேட்டேன். பொம்பளையாம். "டிராக்டர்?" ஆம்பளையாம். மழையும் பொம்பளைன்னு சொன்னதும் எங்க அம்மா, "இது படிச்சுத்தான் தெரியணுமாக்கும், மாரின்னா யாரு?"ன்னாக. எழுபதை அறுபதும் பத்தும்னு சொல்லணும், எண்பதை நாலு இருபதுன்னு சொல்லணும். விலாசத்துல தொண்ணூத்தொம்பதாம் நம்பர் வந்தா, நாலு இருபது பத்தொம்பது. சந்தையில இப்படிக் கணக்குச் சொன்னா வியாபாரி பையைக் கட்டிட்டுப் போயிருவான்.

இங்கிலீஷ்ல இல்லாத ஒண்ணு பிரெஞ்சுல இருக்கு. நீ, நீங்க. பெரியவங்களுக்கு 'வூ', சின்னவங்களுக்கும் சிநேகிதங்களுக்கும் 'தூ'. இங்கிலீஷ்காரங்க இதைப் பழகவே கஷ்டப்படுவாங்களாம், நம்மாளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. "ஆளைப் பார்த்து தூங்கிறது ஒரு மரியாதையாடி?"ன்னு அம்மா கேட்டது தனிக்கதை. பட்டாசுக்கு அவங்க 'பெத்தார்'னு சொல்றாங்க. எங்க வீட்டு பீரோவே பிரெஞ்சு வார்த்தைதானாம். அங்க அதுக்கு எழுதுற மேசைன்னும் ஆபீசுன்னும் அர்த்தம். எங்க பீரோவுக்குள்ள நிலப் பட்டாவும், ரேஷன் கார்டும், இப்ப இவ சர்டிபிகேட்டுகளும்தான் இருக்கு. அந்த வகையில அதுவும் ஆபீசுதான்.

தமிழனுக்கும் பிரெஞ்சுக்கும் பழைய தொடர்பு பாண்டிச்சேரி வழியா உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்கு துபாஷியா இருந்து, 1736ல இருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதி வச்சார். துபாஷின்னாலே ரெண்டு பாஷைக்காரன்னுதான் அர்த்தம். அந்தக் காலத்துலயே பாஷையை வச்சுத்தான் அந்தஸ்தும் வியாபாரமும் நடந்தது. 1962ல பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்ப, பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்க விரும்பினவங்களுக்கு வழி கொடுத்தாங்க. அதனாலதான் அங்க இன்னைக்கும் பிரான்சுப் பென்ஷன் வாங்குற குடும்பங்கள் உண்டு. அவங்களுக்கு பிறந்த ஊர் கொடுத்ததை, கரிசக்காட்டுல பிறந்தவ பரீட்சை எழுதி வாங்கணும்.

அந்தப் பரீட்சைக்கு வருவோம். தெஃப் கனடா, தெசெஎஃப் கனடான்னு ரெண்டு உண்டு, இதுல ஒண்ணைத்தான் ஏத்துக்குவாங்க. மதுரையில ஒரு ஏஜென்ட், "டெல்ஃப்னு ஒரு டிப்ளமோ வாங்கித் தர்றேன், அதை வச்சே போயிரலாம், மூணு லட்சம் ஆகும்"னார். டெல்ஃப் நல்ல படிப்புதான், ஆனா இந்த மார்க் கணக்குல அது செல்லாது. அவ நேரா அரசாங்க வெப்சைட்டை எடுத்து நீட்டவும், அவர் டீ சொல்லிட்டு பேச்சை மாத்திட்டார். யாராவது உங்க வீட்டுல இந்த யோசனையில இருந்தா இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.

அவ எழுதினது தெசெஎஃப். கேட்கிறதுக்கு 39 கேள்வி 35 நிமிஷத்துல, படிக்கிறதுக்கு 39 கேள்வி ஒரு மணி நேரத்துல, எழுதுறதுக்கு மூணு ஒரு மணி நேரத்துல, பேச 12 நிமிஷம். 2024 டிசம்பர்ல முதல் தடவை. பொதிகையில ஏறி சென்னை போய், நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டுல இருக்கிற அலியான்ஸ் பிரான்சேஸ்ல எழுதிட்டு, அன்னைக்கு ராத்திரியே பொதிகையில திரும்பி, காலையில பிரஸ்ஸுக்குப் போயிட்டா. காலண்டர் சீசன், லீவு கிடையாது. பரீட்சைக்குக் கட்டுற பணத்துல கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் மக்காச்சோளம் போட்டு எடுத்துடலாம்.

பேச்சுத் தேர்வுல முதல்ல உன்னைப் பத்திச் சொல்லுன்னு கேட்பாங்களாம். இவ, "எங்க ஊர் பட்டாசு ஊர், எங்கப்பா பட்டாசு செஞ்சவர்"னு சொல்லியிருக்கா. கேட்டுக்கிட்டிருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆபத்தில்லையா?"ன்னு கேட்டாங்களாம். "ஆபத்துதான். அதனாலதான் நான் காகிதத்துக்கு வந்தேன்"னு சொன்னேன் பெரியப்பான்னா. 

அது உண்மைதான். தம்பி பயர் ஆபீஸ்ல போர்மேனா இருந்தவன். மணிமருந்து உராய்ஞ்சு தீப்பிடிச்ச ஒரு நாள்ல இடது கையோட போனது எங்க அதிர்ஷ்டம். ரெண்டு விரல் இன்னைக்கும் மடங்காது. கூட இருந்த மூணு பேர் வரல. எந்த ஆபீஸ்னு எழுதப்போறதில்ல, எங்க பக்கத்துல யாருக்கும் சொல்லவேண்டியதும் இல்ல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே அவன் சொன்ன ஒரே வார்த்தை, "பிள்ளை மருந்து வாசத்துப் பக்கமே போகக் கூடாது." சிவகாசி பக்கம் பிள்ளைங்களை பிரஸ் வேலைக்கு அனுப்புற பாதி வீட்டுல இந்தக் காரணம் இருக்கும்.

முதல் தடவை ரிசல்ட்ல மூணுல ஏழாம் படி வந்திருச்சு. எழுத்துல இருபதுக்குப் பத்து வேணும், ஒன்பது வந்தது. ஒண்ணு குறைஞ்சா மொத்தமும் போச்சு, பிரெஞ்சே தெரியாத மாதிரிதான் கணக்கு. மறுபடி பணம் கட்டி எழுதி, 2025 ஏப்ரல்ல நாலும் வந்தது. பிரெஞ்சுக்குக் கிடைச்சது 62. 360 போய் 422 ஆச்சு.

இப்ப உங்களுக்கு விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைச் சொல்லணும். வாரா வாரம் பேப்பர்ல வருமே, உளுந்து இவ்வளவு, வத்தல் இவ்வளவுன்னு. நான் நல்லா விளைஞ்ச வத்தலைக் கொண்டுபோனதால மட்டும் விலை வராது. அன்னைக்கு எத்தனை மூட்டை வந்திருக்கு, வாங்குறவன் எத்தனை மூட்டை எடுப்பான், அதுதான் விலை. கனடா மார்க்கும் அப்படித்தான். இது பாஸ் மார்க் இல்ல. அவங்க இத்தனை ஆயிரம் பேர் வேணும்னு முடிவுபண்ணி மேல இருந்து எண்ணிக்கிட்டே வருவாங்க. கடைசியா உள்ள வந்தவரோட மார்க்தான் அன்னைக்குக் கட் ஆஃப். 2025 மார்ச் 6ல 4,500 பேரைக் கூப்பிட்டப்ப 410. மார்ச் 21ல 7,500 பேரைக் கூப்பிட்டப்ப 379. அப்ப அவ கையில 422 இருந்திருந்தா ரெண்டுலயும் உள்ள போயிருப்பா. எழுத்துல அந்த ஒரு மார்க்.

ஏப்ரல்ல இவ சரக்கோட போய் நிக்கிறப்ப மண்டி மூடியிருந்தது. நாலு மாசத்துக்கு மேல பிரெஞ்சு வரிசையையே கூப்பிடல. ஆகஸ்ட் 8ல திறந்தாங்க, 481. செப்டம்பர் 4ல 446. அப்புறம் இவளுக்கு முப்பது வயசு ஆச்சு. இருபத்தொன்பது வரைக்கும் வயசுக்கு முழு 110, முப்பதுன்னா 105. பிறந்தநாள் அன்னைக்கு அவ அம்மா கேசரி கிண்டினா, கனடா அஞ்சு மார்க்கைக் குறைச்சது. 417. அக்டோபர் 6ல 432. ஒவ்வொரு தடவையும் கிட்ட வந்துக்கிட்டிருக்கு, ஆனா அடுத்த பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு மார்க் போயிரும். பிரெஞ்சுப் பரீட்சை ரிசல்ட்டுக்கும் ஆயுசு ரெண்டே வருஷம்தான்.

வீட்டுல இதைவிடப் பெரிய பேச்சு பணம். போய் இறங்கினதும் கஞ்சிக்கு வழி இருக்குன்னு காட்ட, தனி ஆளுக்கு 2025 நிலவரப்படி 15,263 கனடா டாலர் கணக்குல இருக்கணும். நம்ம காசுக்கு ஒன்பதரை லட்சம் பக்கம். நிலம் இருக்குன்னு காட்ட முடியாது. கடன் வாங்கியும் காட்டக் கூடாது. ஆறு மாசமா அந்தக் கணக்குல என்ன இருந்துச்சுன்னு பேங்க்ல எழுதி வாங்கணும். விண்ணப்பக் கட்டணம் 2025 நிலவரப்படி 1,525 டாலர் தனி. அவ சம்பளத்துல சேர்த்து வச்சது அஞ்சு லட்சத்தைத் தொடல.

தம்பிக்கும் எனக்கும் பொதுவுல நாலு ஏக்கர் கரிசல். எங்கப்பா காலத்துல இருந்து பாகம் பிரிக்கல. மேற்கால ரெண்டு ஏக்கரை ஒரு பட்டாசு கம்பெனிக்குக் கேக்குறாங்க. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டணும்னு விதி இருக்கதால அவங்களுக்கு எப்பவும் தரிசு நிலம் தேவை, நல்ல விலையும் கொடுக்கிறாங்க. தம்பி ராத்திரி ஒரு நாள், "அண்ணே, பாகம் பிரிச்சிரலாமா?"ன்னான். அவன் முகத்தை நான் பார்க்கல, அவனும் என் முகத்தைப் பார்க்கல. மூணு விரலால பீடியைப் பிடிச்சுக்கிட்டு இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எந்த மருந்து வாசம் பிள்ளை மேல படக்கூடாதுன்னானோ, அந்த மருந்துக்குக் காட்டைக் கொடுத்துத்தான் பிள்ளையை அனுப்பணும்னா அவன்தான் என்ன செய்வான். அவன் பாகம், அவன் பிள்ளை. நான் தடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். ஆனா என் காட்டுக் கிணத்துக்கும் அந்த ரெண்டு ஏக்கருக்கும் நடுவுல ஒரு வரப்புதான் இருக்கு. அங்க அறை கட்டினா நாளைக்கு யார் களை எடுக்க வருவாக? இதைத் தம்பிகிட்ட சொல்லல.

பிள்ளை காதுக்கு எப்படியோ போயிருச்சு. "காட்டை விக்கிறதா இருந்தா நான் போகவே இல்ல"ன்னு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. மூணாம் நாள் என்கிட்ட வந்து ஒரு நோட்டைக் காட்டினா. இங்கிலீஷ்ல நாலு பிரிவுலயும் அரை அரை மார்க் கூடினா எவ்வளவு வரும்னு கணக்கு. நேரா 32, அதோட சேர்ந்து அனுபவத்துக்கும் படிப்புக்கும் கூடுறது 37. மொத்தம் 69. ரெண்டு வருஷம் ராத்திரி முழிச்சு பிரெஞ்சுல வாங்கினது 62. "அப்ப முதல்லயே இங்கிலீஷை முக்கியிருக்கலாமே தாயி?"ன்னேன். அது மட்டும் கூடியிருந்தா 429தான் பெரியப்பா, பொதுவரிசைக்குப் பத்தாது, ரெண்டும் சேர்ந்தாத்தான் 486ன்னா. எந்த நிலவரத்துக்கும் தாங்குற மார்க். கணக்கு சரிதான்.

"பிரெஞ்சை ஒண்ணுமில்லாததுல இருந்து படிச்சவளுக்கு இந்த அரை மார்க் என்ன பெருசு?"ன்னு கேட்டேன். அவ கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துட்டு, "பிரெஞ்சு தப்பாப் பேசினா இங்க யாருக்கும் தெரியாது பெரியப்பா. இங்கிலீஷ் தப்பாப் பேசினா எல்லாருக்கும் தெரியும்"னா. காலேஜ்ல சேர்ந்த முதல் வாரம் வகுப்புல எழுந்து பேசினப்ப சிரிச்சாங்களாம். அதுக்கப்புறம் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துட்டுத்தான் பேசுவாளாம். பிரெஞ்சுல அந்தப் பயமே கிடையாது, வந்ததைச் சொல்லிட்டே போவேன்னா. பன்னெண்டு வருஷமா வெளியில சொல்லாத விஷயம் அது. அவ அப்பனுக்கும் தெரியாது.

நவம்பர் கடைசியில மதுரையில இங்கிலீஷ் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கா. மேற்கால ரெண்டு ஏக்கர் பேச்சைத் தை அறுப்பு வரைக்கும் தள்ளி வச்சிருக்கோம். கேட்டவங்ககிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன். தீபாவளி வேலை முடிஞ்சு இப்ப அவளுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடைக்குது. காலையில என்கூடக் காட்டுக்கு வந்துடுறா. நான் படைப்புழு விழுந்திருக்கான்னு குருத்தைப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டுப் போக, பின்னாலயே வந்து சத்தமா இங்கிலீஷ் பேசுறா. நான் தமிழ்ல பதில் சொல்றேன். அவ சொல்றதுல முக்காவாசி எனக்குப் புரியாது. போன வாரம் பக்கத்துக் காட்டுக்காரர் வரப்புல நின்னு, "என்னய்யா, பிள்ளை யார்கூடப் பேசுது?"ன்னார். அவ சட்டுனு நிறுத்தப் பார்த்தா. நான் திரும்பிப் பார்க்காம, "நீ சொல்லுத்தா, அப்புறம்?"னேன். குரல் கொஞ்சம் இறங்குச்சு. ஆனா நிறுத்தல.